உச்சாணி நிறுவனம் வெற்றி பெற்ற விதம்

மே 4, திங்கள்

இன்று காலை ஒன்பது மணிக்கு உச்சாணி நிறுவனம் தொடங்கப்பட்டது. வடவள்ளியில் ஒரு பேக்கரியின் மாடியில் ஒற்றை அறை. பிற்காலத்தில் பேட்டி எடுக்க வருகிறவர்கள் தொடக்க நாட்களைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஞாபகத்திலிருந்து சொன்னால் பிசகிவிடும். அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு.

கோயம்புத்தூரில் எத்தனையோ வீடுகளில் தென்னை நிற்கிறது. காய் முற்றித் தொங்குகிறது. ஏற ஆள் கிடைப்பதில்லை. போன தை மாதம் எங்கள் வீட்டு மரத்துக்காக ஆறு பேருக்குப் போன் போட்டேன். ஒருவரும் வரவில்லை. ஏழாம் நாள் ஒரு காய் தானாகவே இறங்கி வந்து என் காரின் முன்கண்ணாடியில் உட்கார்ந்தது. அப்போது பிறந்ததுதான் இந்த யோசனை. செல்போனில் ஒரு செயலி. வீட்டுக்காரர் பொத்தானை அழுத்துவார். அருகில் இருக்கும் மரம் ஏறுகிறவரின் போனில் மணி அடிக்கும். அவர் வருவார், ஏறுவார், இறங்குவார். வீட்டுக்காரர் அவருக்கு நட்சத்திரம் போடுவார்.

பதினோரு வருட ஐ.டி. வேலையை இதற்காக விட்டேன். என் மனைவி ஹேமா பிசியோதெரபிஸ்ட், சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள். "ஒரு வருஷம் பண்ணிப் பாருங்க கௌதம். ஆனா போன் எடுக்க ஒரு ஆளைப் போடுங்க" என்றாள்.

ஆக நாங்கள் மூன்று பேர். நான் நிறுவனர். எட்வின், கல்லூரித் தோழன், செயலியை எழுதியவன். மூன்றாவது பூங்கோதை. நாற்பது வயது தாண்டியவர். ஆம்னி பஸ் புக்கிங் ஆபீஸில் பன்னிரண்டு வருடம் போன் எடுத்தவர். ஜனங்களுக்குச் செயலி பழகும் வரைதான் அவர். தற்காலிகம்.

ஒரு ஸ்டார்ட்அப்பின் வெற்றிக்கு மிக முக்கியமானது யோசனை.

மே 8, வெள்ளி

செயலி வெளியானது. நாற்பத்தொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். முன்பதிவு மூன்று. எட்வினின் அம்மா, எட்வினின் சித்தி, நான். எட்வினின் அம்மா வீட்டில் தென்னை கிடையாது.

மே 12, செவ்வாய்

மரம் ஏறுகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. பதினான்கு பேர் வந்தார்கள். செயலி மூலம் நான் அனுப்பிய அழைப்பை யாரும் பார்க்கவில்லையாம். பூங்கோதை ஒவ்வொருவருக்கும் போன் செய்து வரவழைத்திருந்தார். கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வைத்திருந்தேன், பொருத்தமாக இருக்குமே என்று. அவர்கள் அதைத் தொடாமல் முட்டை பப்ஸ் கேட்டார்கள்.

"மணி அடிச்சதும் முப்பது வினாடிக்குள்ள இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கணும்" என்று விளக்கினேன்.

மயில்சாமி என்பவர் கை தூக்கினார். ஐம்பதை நெருங்குகிறவர். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

"மரத்து மேல இருக்கறப்ப அடிச்சா எந்தக் கையில அமுக்கறதுங்க?"

"ஒரு கையில மரத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில…"

"அந்தக் கையில அருவா இருக்குமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதை மட்டும் சிரிக்காமல் ஏதோ நோட்டில் எழுதிக்கொண்டார்.

முப்பது வினாடியை நாற்பத்தைந்தாக்கச் சொல்லி எட்வினிடம் சொன்னேன். பயன்படுத்துகிறவர்களின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும்.

மே 15, வெள்ளி

பச்சைப் பொத்தானை இளம்பச்சை ஆக்கினோம். நாள் முழுக்க ஆயிற்று. திருப்தி.

மே 20, புதன்

ஒரு கல்லூரியின் புதுத்தொழில் மையத்தில் எங்களுக்கு வழிகாட்டி கிடைத்திருக்கிறார். பெயர் விஸ்வேஷ். இதுவரை நான்கு ஸ்டார்ட்அப் தொடங்கி நான்கையும் மூடியவர். எனவே அனுபவம் அபாரம். யோசனை யாருக்கும் வரும், அணிதான் எல்லாம் என்றார். குறித்துக்கொண்டேன்.

மிக முக்கியமானது அணி.

அணியில் எட்வின் இன்று மதியம் இல்லை. பல்வலி. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் ஷூவுமாகப் பல் டாக்டரிடம் போகிறான். அந்த டாக்டர் கண்டிப்பானவர் போலிருக்கிறது.

மே 27, புதன்

கோடு மேலே ஏறுகிறது. இந்த மாதம் நூற்றுப் பன்னிரண்டு முன்பதிவு. விஸ்வேஷ் கோட்டைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

ஒரு சுவாரசியம். நூற்றுப் பன்னிரண்டில் நூற்று நான்கை ஒரே ஆள் செய்திருக்கிறார். பயனர் எண் மூன்று. நகரம் முழுக்க வேறு வேறு இடங்களில் அவருக்கு மரங்கள் இருக்கின்றன. பெரிய நிலச்சுவான்தாராக இருக்க வேண்டும். இப்படி ஒரு வாடிக்கையாளரை விட்டுவிடக் கூடாது. தீபாவளிக்கு அவருக்கு ஒரு பரிசு அனுப்ப வேண்டும்.

ஜூன் 2, செவ்வாய்

இன்று பூங்கோதை போனில் பேசுவதைக் கவனித்தேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, பெரும்பாலும் ஊர்க்கதை.

"ஆறுச்சாமி, நாளைக்கு வெள்ளன மருதமலை அடிவாரத்துல ரெண்டு வீடு இருக்குது. ஓ, நாளைக்கா உங்க பொண்ணுக்குக் காது குத்து? அப்ப நீங்க வேண்டாம். வேலனை அனுப்பிக்கறேன். சாப்பாட்டு நேரத்துக்கு நான் வந்துருவேன், எனக்கு எல எடுத்து வைங்க."

அடுத்தது ஒரு வாடிக்கையாளர்.

"டீச்சர், மரத்துல தேனீ கூடு கட்டியிருக்குதுன்னீங்களே, அதை எடுத்தாச்சுங்களா? எடுக்காம ஆள் அனுப்ப மாட்டேனுங்க. இல்லீங்க. நீங்க நாளைக்குக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறார். என்னால் நம்ப முடியவில்லை. பேசி முடித்ததும் எங்கள் கணினியில் எதையோ தட்டினார். என்ன என்று கேட்டேன். "பதிவு போடறேனுங்க" என்றார். சரி என்றேன்.

ஜூன் 4, வியாழன்

ஹேமாவின் கிளினிக்குக்கு இந்த வாரம் மட்டும் மரம் ஏறுகிறவர்கள் நாலு பேர் வந்தார்களாம். இருவருக்கு முட்டி, இருவருக்கு இடுப்பு. என்ன ஒரு தற்செயல். அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாதம் போட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

எட்வின் பெங்களூருக்குப் போகிறான். அங்கே ஒரு நிறுவனத்தில் வேலை. அடுத்த வாரமே சேர வேண்டுமாம்.

"பல்லு?" என்று கேட்டேன்.

"பல்லு நல்லாத்தான் இருக்குடா" என்றான்.

ஜூன் 10, புதன்

எழுத ஒன்றும் இல்லை. பேக்கரியில் டீ குடித்தேன். பிறகு மறுபடி ஒரு டீ.

ஜூன் 12, வெள்ளி

விஸ்வேஷைப் பார்த்தேன். அணி உடைந்ததைச் சொன்னேன். அணி முக்கியமில்லை, வளர்ச்சியின் வேகம்தான் முக்கியம் என்றார். மனிதக் கை படாமல் ஓடினால்தான் வேகம் வருமாம். "உங்க கம்பெனியில இன்னும் ஒருத்தர் போன் எடுக்கறாங்களா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

மிக முக்கியமானது வேகம்.

ஜூன் 15, திங்கள்

தானாகப் பேசும் குரல் அமைப்பை நிறுவினேன். குரல் என்னுடையதுதான். "உச்சாணிக்கு உங்களை வரவேற்கிறோம். காய் பறிக்க ஒன்றை அழுத்தவும். மட்டை கழிக்க இரண்டை அழுத்தவும்." பதினெட்டு முறை பதிவு செய்தும் திருப்தி வராமல் பத்தொன்பதாவதைத் தேர்ந்தெடுத்தேன். எந்த மரத்துக்கு எந்த ஆள் என்பதை இனிமேல் செயலியே முடிவு செய்யும். மறுக்கிறவர்களுக்கு நட்சத்திரம் குறையும். எட்வின் போகும் முன் இதை எழுதிக் கொடுத்தான், முகம் கொடுக்காமல்.

பூங்கோதையிடம் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் நேராகக் கேட்டார்.

"நாளையிலிருந்து நான் வர வேண்டியதில்லீங்களா?"

"அப்படி இல்ல… ஆமாம்."

பையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தார். மேசை மேலிருந்த நீள நோட்டைக் காட்டினார்.

"இதை வெச்சுட்டுப் போகட்டுங்களா? யாருக்கு எந்த மரம் ஒத்துக்கும், எந்த மரம் உள்ளுக்குள்ள உளுத்துக் கூடா நிக்குதுன்னெல்லாம் எழுதியிருக்குது."

"எல்லாமே கம்ப்யூட்டர் மேகத்துல ஏத்தியாச்சுங்க. நோட்டை நீங்களே எடுத்துக்குங்க."

அவர் ஜன்னல் வழியே ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு நோட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பக்குவமாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஊளையிட்டுக்கொண்டு வருகிறது. ஊரெங்கும் மட்டை விழுகிறது, காய் விழுகிறது. சரியான காலத்தில் சந்தையில் இருக்கிறோம். யோசனை, அணி, வேகம் எல்லாம் இரண்டாம்பட்சம். மிக முக்கியமானது காலம்.

அழைப்புகள் வந்து குவிகின்றன. குரல் அமைப்பு பதிவு செய்ததில் சில:

"ஏனுங்க, மட்டை ஓட்டு மேல விழுந்திருச்சுங்க. ஒன்னை அமுக்குனேன். ரெண்டையும் அமுக்கிப் பாத்தேன். இப்ப எதை அமுக்கட்டும்?"

"அந்தம்மா இல்லீங்களா?"

"தம்பி, நீ பேசறது நல்லாருக்குது. கொஞ்சம் நிறுத்துனீன்னா நான் பேசுவேன்."

"அந்தம்மா எங்கங்க?"

"ஒன்னு. ஒன்னு. ஒன்னுன்னு சொல்றேனில்ல."

கடைசியில் பேசியவர் பொத்தானை அழுத்தாமல் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குரல் அமைப்பில் இதற்கு ஒரு திருத்தம் தேவை.

ஜூன் 20, சனி

சிறு சம்பவம். கணுவாய் பக்கம் ஒரு வீட்டில் ஆறுச்சாமிக்கு லேசான சிராய்ப்பு. இப்போது நலம். காற்றின் வேகத்தையும் செயலியில் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

ஜூன் 22, திங்கள்

யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. காலையிலிருந்து முப்பத்தேழு மரம் திரையில் சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கிறது. பதினான்கு போன்களிலும் மணி அடிக்கிறது. பதினான்கு பேரும் எடுக்கவில்லை. மயில்சாமிக்கு நானே நேரடியாகப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். பத்தொன்பதாவது பதிவு என்று நினைத்திருப்பாரோ.

இன்னொரு கவலை. பயனர் எண் மூன்று ஒரு வாரமாக ஒரு மரம்கூடப் பதிவு செய்யவில்லை. நல்ல வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்று அவருடைய விவரத்தைத் திறந்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார் பூங்கோதை.

நான் உடனே வைத்துவிட்டேன். தவறான எண் என்று நினைத்திருப்பார்.

ஜூன் 24, புதன்

செய்ய வேறு வழி தெரியாததால், வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். முதலில் வீரகேரளத்தில் ஓட்டு மேல் மட்டை விழுந்தவர்.

"எதுக்குங்க மன்னிப்பு? அன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களே. ஓட்டைக்கூட மாத்திக் குடுத்துட்டாங்க."

"யாருங்க வந்தது?"

"மயில்சாமின்னு ஒருத்தரு. உங்க ஆளுதானுங்களே? அந்தம்மா அனுப்பி விட்டாங்க."

அடுத்து தேனீக் கூடு டீச்சர். கூட்டை எடுக்கவும் ஆள் ஏற்பாடு செய்து கொடுத்தார்களாம், காயும் பறித்தாயிற்றாம். பதினாறு பேருக்குப் போன் செய்தேன். பதினாறு வீட்டிலும் வேலை முடிந்திருக்கிறது, அல்லது காற்று நின்றதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் எண் எப்படிக் கிடைத்தது என்று டீச்சரிடம் கேட்டேன்.

"எப்பவோ குடுத்துட்டாங்களே. உங்க மிஷின் நம்பரை நான் அழிச்சுட்டேம்பா."

ஊரில் ஒரு மரம்கூட எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஜூன் 25, வியாழன்

கல்வீராம்பாளையத்தில் பூங்கோதையின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். சந்துக்குள் இரண்டாவது வீடு. வாசலில் எட்டுச் செருப்பு. ஒரு மூலையில் சுருட்டிய கயிறுகள்.

உள்ளே சமையல்கட்டு மேடை மேல் இரண்டு செல்போன், நடுவில் அந்த நீள நோட்டு. பூங்கோதை தோளுக்கும் காதுக்கும் இடையே ஒரு போனை இடுக்கிக்கொண்டு தோசை திருப்பிக்கொண்டிருந்தார். முன்னறையில் மயில்சாமியும் வேறு சிலரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. சுவரில் முட்டிக்கும் முதுகுக்குமான உடற்பயிற்சிகளைப் படமாக வரைந்து ஒட்டியிருந்தது. கீழே குறிப்பு எழுதியிருந்த கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எழுதும் கையெழுத்து.

"உக்காருங்க சார். தோசை ஒன்னு வைக்கட்டுங்களா?" என்றார் பூங்கோதை.

"நீங்க என் வாடிக்கையாளரை எல்லாம்…" என்று ஆரம்பித்தேன். வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"நான் யாரையும் கூப்புடலீங்க. அவங்க கூப்புட்டாங்க. எடுத்தேன்."

அப்போது ஒரு போன் அடித்தது. எதிர்முனையில் ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. மரம் ஒன்று சாய்ந்து வீட்டைத் தொடுகிறதாம், இப்போதே வெட்ட வேண்டுமாம். பூங்கோதை குரலை உயர்த்தவே இல்லை. "இந்தக் காத்துல யாரும் ஏற மாட்டாங்க. நீங்க எல்லாரும் முன்ரூமுக்கு வந்துருங்க. பின்ரூம் கதவைச் சாத்திருங்க. காத்து அடங்குன உடனே மயில்சாமியண்ணன் அங்க நிப்பாரு" என்று நான்கு முறை சொன்னார். நான்காவது முறை அந்த ஆள் கத்துவதை நிறுத்தினார்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை கணுவாயில இதையேதான் சொல்லியிருக்கோணும். சொல்றதுக்கு ஆளில்ல."

பிறகு மயில்சாமி சொன்னார். காற்றில் ஏறக் கூடாது என்று ஆறுச்சாமிக்குத் தெரியும். மறுத்தால் நட்சத்திரம் குறையும் என்று போனில் வந்திருக்கிறது. ஏறிவிட்டார். பாதிக்கு மேலே போனதும் மரம் வளைய ஆரம்பித்தது. இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் இருபது நிமிடம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார். மயில்சாமி இன்னும் இருவரோடு போய்க் கயிறு போட்டு இறக்கினார். நெஞ்சிலும் தொடையிலும் தோல் இல்லை. மேலே இருந்த நேரத்தில் அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அது எங்கள் செயலி. வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் இன்று தெரிந்துகொண்டதாக எழுதலாம். அன்றைக்கே அந்த வீட்டுக்காரர் போன் செய்து சொல்லிவிட்டார், இருபது நிமிடம் உட்பட. இருபதாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். 'சிறு சம்பவம்' என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்து ஹேமாவிடம் கேட்டேன். "உனக்கு எல்லாம் தெரியுமா?"

"அவங்க ஆளுங்களை எங்கிட்ட அனுப்ப ஆரம்பிச்சது மே மாசம். நான் சொல்லிட்டுத்தான் இருந்தேன். நீங்க இந்த நோட்டுல எழுதிட்டிருந்தீங்க."

ஜூன் 26, வெள்ளி

ஹேமாவின் கிளினிக்கில் ஆறுச்சாமியைப் பார்த்தேன். சின்ன உருவம். சட்டைக்குள் கட்டு தெரிந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உள்ளங்கை சொரசொரவென்று காய்ந்து போயிருந்தது.

"ஏன் ஏறுனீங்க?"

"நட்சத்திரம் போயிருமுன்னு வந்துச்சுங்க. அஞ்சு வெச்சிருந்தேன். எம்பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எத்தனைன்னு கேக்கும். எனக்குப் பள்ளிக்கூடத்துல ஒருக்காகூட அத்தனை மார்க்கு வந்ததில்லீங்க."

"தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றார் ஆறுச்சாமி.

இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தோம். பிறகு அவர், "காது குத்துக்குக்கூட வரலீங்களே நீங்க" என்றார். என்னைக் கூப்பிட்டிருந்தாராம். பூங்கோதை என்னிடம் சொன்னாராம், நான் தலையாட்டினேனாம்.

ஜூன் 27, சனி

செயலியை நிறுத்தினேன். நாற்பத்தொரு பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 29, திங்கள்

மறுபடி கல்வீராம்பாளையம். வழியில் விஸ்வேஷ் போன் செய்தார். தோல்விதான் மிக முக்கியம் என்றார். நன்றி சொல்லி வைத்தேன்.

பூங்கோதையிடம் என்ன கேட்பது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். திரும்பி வாருங்கள் என்று கேட்கலாம். கூட்டாளியாக இருங்கள் என்று கேட்கலாம். அந்தச் சமையல்கட்டில் நின்றபோது இரண்டுமே அசட்டுத்தனமாகத் தெரிந்தன. அவர் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

"எனக்கு இங்க ஏதாவது வேலை இருக்குங்களா?" என்று கேட்டேன்.

முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பூங்கோதை அடுப்பைக் குறைத்தார்.

"என்ன வேலை தெரியுமுங்க உங்களுக்கு?"

"செயலி பண்ணத் தெரியும்."

"வேற?"

"வண்டி ஓட்டுவேன்."

"ஒரு மரத்தைப் பாத்தா இன்னிக்கு ஏறலாமா வேண்டாமான்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"இது பரவால்ல" என்று முன்னறையிலிருந்து மயில்சாமியின் குரல் வந்தது. "தெரியாதுங்கறது தெரியுது."

மாடி அறை சும்மாதான் இருக்கிறது, எல்லாரும் அங்கே வந்துவிடலாம் என்று சொன்னேன். பூங்கோதை மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"அங்க படி அதிகமுங்க. ஏறி எறங்குனா இவங்களுக்கு முட்டி வலிக்குது."

அறுபது அடி மரம் ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

கடைசியில் அவர் சொன்ன ஏற்பாடு இது. காலையில் எல்லாரையும் வண்டியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. மரத்தடியில் நின்று ஆட்களை விலக்குவதும் என் வேலை. ஒரு நாள் மட்டும் போன் எடுத்துப் பார்க்கலாம். அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 1, புதன்

இன்று என் போன் நாள். காலை ஏழு மணிக்குப் போய்விட்டேன். நோட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலைந்து வரி. 'நாய் கட்டிப் போடச் சொல்லணும்.' 'கிழக்கு மரம் மேல கரன்ட் கம்பி.' 'வேலனுக்கும் இந்த வீட்டுக்கும் ஆகாது.' 'பெரியவருக்குக் காது கேக்காது, மருமகள்கிட்ட பேசணும்.' ஒரு மணி நேரம் படித்தேன். முடிக்கவில்லை.

பத்து மணிக்கு மறுபடி காற்று. ஏறப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள். போன் அடித்தது. பூங்கோதை மாவுக் கரண்டியால் என்னைக் காட்டினார்.

எடுத்தேன். கவுண்டம்பாளையத்திலிருந்து ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர்.

"ஆள் அனுப்பறீங்களா இல்லையா? மரம் பேயாட்டம் ஆடுது."

"இன்னிக்குக் காத்துங்க ஐயா. யாரும் ஏற மாட்டாங்க."

"நான் யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கி, அவர் பதவி வகித்த ஊர்களை வரிசையாகச் சொன்னார். நான் நடுவில் பேசவில்லை. ஏழாவது ஊரில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மரம் எந்தப் பக்கமுங்க சாயுது?" என்று கேட்டேன்.

"என்ன?"

"எந்தப் பக்கம் சாயுதுன்னு கொஞ்சம் போய்ப் பாத்துச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"பக்கத்து வீட்டுப் பக்கம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அந்த வீட்ல யாருங்க இருக்கறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? அவனோட பேச்சு வார்த்தை விட்டு நாலு வருஷமாச்சு. காம்பவுண்டு தகராறு."

"மரத்துப் பக்கமா அவங்களுக்கு ரூம் இருக்குதுங்களா?"

காத்திருந்தேன்.

"அவன் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா" என்றார் கடைசியில். "அந்த ரூம்தான்."

"போய்ச் சொல்லிட்டு வாங்க ஐயா. நான் போனை வைக்கல."

"நானா?"

"நீங்கதானுங்க பக்கத்துல இருக்கறீங்க."

நெடுநேரம் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று புரிந்தது. கேட் கிறீச்சிட்டது. கதவைத் தட்டினார். ஒரு குரல், பிறகு இன்னொரு குரல், இரண்டும் கோபமாக. பிறகு எதையோ நகர்த்துகிற சத்தம், "மெதுவா, மெதுவா, கால்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்று தாசில்தார் சொல்வது. கட்டிலோடு தூக்குகிறார்கள் போலிருந்தது. சுவரில் இடித்தது. யாரோ அவரைத் திட்டினார்கள். அவரும் திருப்பித் திட்டினார்.

பிறகு புதுக் குரல் ஒன்று போனுக்கு வந்தது.

"யாருங்க பேசறது? இவரு உங்ககிட்டப் பேசச் சொல்றாரு. சம்சாரத்தை முன்னால கொண்டாந்துட்டோம். மரத்துக்கு எப்பங்க வருவீங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு மயில்சாமியைப் பார்த்தேன். அவர் நான்கு விரலைக் காட்டி, கையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"காத்து அடங்குனா நாலு மணிக்குங்க. அடங்கலைன்னா நாளைக்கு வெள்ளன. அது வரைக்கும் யாரும் அந்த ரூமுக்குப் போகாதீங்க."

"சரிங்க. இந்தாளுக்குக் காபி போடச் சொல்லியிருக்கறேன், அப்புறமா அவரு பேசுவாரு" என்று அவர் வைத்துவிட்டார்.

நோட்டைத் திறந்தேன். கவுண்டம்பாளையம் பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'மரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்வு. அங்கே படுக்கையில் இருக்கும் அம்மா. முதலில் அவர்களுக்குச் சொல்லணும்' என்று எழுதினேன். பூங்கோதை வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பேனாவை வாங்கி, தாசில்தாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

அடுத்த போன் அடிக்க ஆரம்பித்தது. இந்த முறை அவரே எடுத்தார். காதில் வைக்கும் முன் என்னிடம், "பரவால்லீங்க. நாளைக்கும் வாங்க" என்றார்.